கடல் கடந்து குடிபுகுந்த ஆன் ஜட்சன் அம்மையார்

இத்தீவுகளில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு கப்பற் கதை உண்டு. சென்னையில் கப்பலேறிய நாள், கரை கண்ணுக்கு மறைந்த நேரம், வங்கக் கடலின் அலைகளில் உண்ணவும் உறங்கவும் இயலாமற் கிடந்த பொழுதுகள், பின்னர் ஒரு காலையில் வானத்தின் அடியில் பச்சை மலைகள் எழுந்த காட்சி ஆகிய இவற்றைப் பாட்டிமார் சொல்லப் பேரப் பிள்ளைகள் கேட்டு வளர்கின்றனர். ஆயினும் அக்கதைகளை ஏட்டில் எழுதும்போது ஆடவர் பார்த்த வேலையும் பெற்ற பதவியுமே விரிவாக இடம் பெறுகின்றன. பெண்டிர் பட்ட பாடோ, குடும்பமும் உடன் வந்தது என்னும் ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றது.

எனவே, இவ்வாண்டு விழா மலரில் ஓர் அம்மையாரின் வாழ்க்கையைக் கூற விழைகின்றோம். அவர் தமிழர் அல்லர்; அமெரிக்க நாட்டிற் பிறந்த கிறித்தவர். இத்தீவுகளில் வாழ்ந்தவரும் அல்லர். இவற்றின் கரையோரமாகக் கப்பலிற் கடந்து சென்றவர். ஆயினும் 1813ஆம் ஆண்டில் தம் கணவரோடு சென்னையிலிருந்து புறப்பட்டு, நம்மவர் பிற்காலத்தில் வந்த அதே கடலில், புதிய நாட்டில் புதிய வாழ்வு தேடிச் சென்றவர். அவர் பெயர் ஆன் ஜட்சன். அவருடைய கணவர் அதோனிராம் ஜட்சன், பர்மிய மொழியில் விவிலியத்தை முழுமையாகப் பெயர்த்தவர்; பர்மிய அகராதி தொகுத்தவர். கணவரின் புகழ் உலகறிந்தது. அப்புகழுக்கு அடியில் நின்று தாங்கிய தூண் எது என்பதை அம்மையாரின் வரலாறு காட்டும்.

பிறந்த ஊரும் பெண் கேட்ட கடிதமும்

ஆன் ஹேசல்டைன் 1789ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் பிராட்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரில் 1803ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்விக்கூடத்தில் பயின்றார். துடிப்பும் கலகலப்பும் மிக்க பெண்ணாக வளர்ந்து, பின்னர்ச் சமய ஈடுபாடு மிகுந்து, அண்டை ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றினார்.

1810ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவ்வூரில் ஒரு கிறித்தவ மாநாடு கூடிற்று. வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்புவதற்கான முதல் அமெரிக்கச் சங்கம் அப்போதுதான் உருவாயிற்று. தாம் செல்ல அணியமாய் இருப்பதாக முறையிட்ட இளைஞர்களுள் ஒருவர் அதோனிராம் ஜட்சன். 1788ஆம் ஆண்டு ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர்; கல்லூரியில் முதல் மாணவராகத் தேறியவர். ஆனின் இல்லத்தில் விருந்துண்ண வந்த அவர், அப்பெண்ணின்மேல் அன்பு கொண்டார்.

மணம் வேண்டி அவர் ஆனின் தந்தைக்கு எழுதிய கடிதம் வியப்பானது. மகளை நன்றாக வைத்துக் காப்பேன் என்று எவரும் எழுதுவர். அவரோ, இவ்வுலகில் மகளை மீண்டும் காணாமற் போகவும், கடலின் இடருக்கும் வெப்ப நாட்டின் நோய்களுக்கும் வறுமைக்கும் அவமதிப்புக்கும், ஒருகால் கொடிய சாவுக்கும் அவளை விட்டுக்கொடுக்கவும் தந்தைக்கு இசைவு உண்டா என்று வினவினார். ஒன்றையும் மறைத்தாரில்லை. தந்தை முடிவை மகளிடமே விட்டார். பல நாள் எண்ணிப் பார்த்த பின்னரே ஆன் இசைந்தார். அமெரிக்கப் பெண் எவரும் அதுவரை அத்தகைய பணிக்குக் கடல் கடந்து சென்றதில்லை. முன்மாதிரி இல்லாத வழியில் தாமே விரும்பி அடியெடுத்து வைத்தார் என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

1812ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது. அதே திங்கள் 19ஆம் நாள், சேலம் என்னும் அமெரிக்கத் துறையிலிருந்து காரவான் என்ற பாய்க்கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நம் சேலத்துக்காரர்கள் இப்பெயரைக் கண்டு புன்னகை புரியலாம். இது வேறு சேலம். உடன் சென்றவர்கள் சாமுவேல் நியுவெல், அவருடைய இளம் மனைவி ஹாரியட் ஆகிய இருவர். பிறந்த மண்ணை விட்டபோது ஆனுக்கு வயது 22. மணமாகி இரண்டு கிழமை.

கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு

ஏறத்தாழ நான்கு திங்கள் கடலிற் கழித்து, ஜூன் நடுவில் கல்கத்தாவை அடைந்தனர். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளை விரும்பவில்லை. மேலும், அதே ஜூனில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது; பகை நாட்டினர் என்ற ஐயமும் சேர்ந்தது. நாட்டை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது.

இதற்கிடையே அவர்கள் சமயக் கொள்கையிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. வழிப்பயணத்தில் நூல்களை ஆராய்ந்து, வயது வந்தோர்க்கே திருமுழுக்கு உரியது என்னும் முடிவுக்குக் கணவர் வந்தார். மனைவியும் தாமாக ஆய்ந்து அம்முடிவை ஏற்றார். 1812 செப்டம்பர் 6ஆம் நாள் கல்கத்தாவில் இருவரும் பாப்டிஸ்டு முறைப்படி திருமுழுக்குப் பெற்றனர். அதனால் தம்மை அனுப்பிய சங்கத்தின் பொருளுதவியைத் தாமே துறந்தவராயினர். தங்க இடமும் இல்லை. தாங்குவாரும் இல்லை என்ற நிலை அது.

அங்கிருந்து மொரீசியசுத் தீவுக்குச் சென்றனர். 1813 ஜனவரியில் கரை சேர்ந்ததும் அவர்கள் கேட்ட முதற் செய்தி, தமக்கு முன்னரே அங்குச் சென்ற ஹாரியட்டின் மரணம். கப்பலிற் பிறந்த குழந்தையை இழந்து, 1812 நவம்பர் 30ஆம் நாள் தாமும் மறைந்தார் அப்பெண். வயது 19. பிறந்த ஊரிலிருந்து தம்மோடு வந்த ஒரே தோழியின் கல்லறையை ஆன் கண்ணீரோடு கண்டார். அப்போது அவரும் கருவுற்றிருந்தார்.

பினாங்குக்குச் செல்லும் எண்ணத்தோடு மீண்டும் கப்பலேறி, 1813 ஜூன் 4ஆம் நாள் சென்னை வந்தனர். அங்கே லவ்லெஸ் என்னும் ஆங்கிலப் போதகர் தம் இல்லத்தில் இடம் கொடுத்துப் பேணினார். ஆனால் காலம் தாழ்த்தினால் கம்பெனியார் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவர் என்னும் அச்சம் இருந்தது. பினாங்குக்குக் கப்பல் இல்லை. துறையில் நின்றது ஜார்ஜியானா என்ற பழங்கப்பல் ஒன்றே. அது செல்லும் இடம் பர்மாவின் இரங்கூன், இன்றைய யாங்கோன். பர்மிய அரசின் கடுமையைக் கேள்வியுற்றவர் அனைவரும் தடுத்தனர். வேறு வழி இன்மையால் இருவரும் துணிந்தனர்.

இரு தீவுகளுக்கு இடையில்

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படவில்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலைகளைக் கடந்தே, தொலைவில் நங்கூரமிட்ட கப்பலை அடைதல் வேண்டும். நிறைந்த சூலியாகிய ஆன், 1813 ஜூன் 22ஆம் நாள் கப்பலேறினார். பேறுகாலத்துக்குத் துணையாக ஓர் ஐரோப்பியப் பெண்ணை அமர்த்தி அழைத்துச் சென்றனர். கப்பல் நகரத் தொடங்கிய சிறிது காலத்துக்குள் அத்துணைப் பெண் மயங்கி வீழ்ந்து உயிர் நீத்தார். கப்பலில் மருத்துவரும் இல்லை. வேறு பெண் துணையும் இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனித் திங்களில் வங்கக் கடல் எவ்வாறு இருக்கும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வலைகளுக்கு நடுவே, பாய்த்துணி மறைப்புக்குள், கணவர் ஒருவரே துணையாக, ஆன் தம் முதற் குழந்தையைப் பெற்றார். அக்குழந்தை உயிரின்றிப் பிறந்தது. அதனை வங்கக் கடலிலேயே அடக்கம் செய்தனர். தாயும் சாவின் வாயிலில் கிடந்தார். கப்பலின் ஆட்டம் நின்றாலன்றி அவர் பிழைத்தல் அரிது என்று கணவர் அஞ்சினார்.

கப்பல் நிக்கோபாரில் தேங்காய் ஏற்றிக்கொண்டு செல்வதாக இருந்தது. ஆனால் காற்று அதனை அங்கே சேரவிடாமல் வடக்கே தள்ளிற்று. பெரிய அந்தமானுக்கும் சிறிய அந்தமானுக்கும் இடையேயுள்ள கால்வாயில் கப்பல் புகுந்தது. போர்ட் பிளேரிலிருந்து ஹட்பே செல்லும் கப்பலில் ஏறியவர்கள் அக்கடற்பகுதியை அறிவார்கள். தலைவர் அதுவரை அவ்வழி சென்றதில்லை. நீருக்கடியில் கரும்பாறைகள் தெரிந்தன. இருபுறமும் இருந்த கரைகளைக் கண்டு மாலுமிகள் நடுங்கினர். கரை ஒதுங்கினால் அங்குள்ளோர் தம்மைக் கொன்று தின்பர் என்று அவர்கள் நம்பினர்.

அந்நம்பிக்கை மாலுமிகளிடையே நெடுங்காலம் வழங்கிய கட்டுக்கதை. பிற்காலத்தில் இத்தீவின் பழங்குடி மக்களோடு பழகி ஆராய்ந்தவர்கள் அது பொய்யென்று கண்டனர். தம்மவரைச் சிறைபிடித்து அடிமைகளாக விற்ற கூட்டத்தாரால் துன்புற்றவர்கள் அயலாரைக் கண்டால் வில்லெடுத்தது இயல்பே. 1789ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தொடங்கிய முதற் குடியேற்றம் 1796இலேயே நோயால் கைவிடப்பட்டது. ஆகவே 1813இல் உதவிக்கு வருவார் எவரும் இத்தீவுகளில் இல்லை.

ஆனால் அஞ்சிய இடத்திலேயே ஆறுதல் கிடைத்தது. இரு தீவுகளும் அலைகளைத் தடுத்தமையால், கால்வாயின் நீர் குளம்போல் அமைதியாய் இருந்தது. கப்பலின் ஆட்டம் நின்றது. தளர்ந்து கிடந்த ஆனுக்குச் சிறிது உறக்கம் வந்தது, உயிர் நிலைத்தது. பாறைகளில் மோதாமல் கப்பல் கீழ்க்கரைக்கு வந்து, நல்ல காற்றைப் பெற்று, ஜூலை நடுவில் இரங்கூன் ஆற்றை அடைந்தது. தீவின் மண்ணை மிதியாதவரை இத்தீவுகளே காத்தன என்று சொல்வது மிகையாகாது.

இரங்கூன் வாழ்க்கை

நடக்க இயலாத ஆனை, நாற்காலியில் அமர்த்தி மூங்கில்களிற் கட்டித் தோளில் சுமந்தே கரையேற்றினர். ஊருக்கு வெளியே, முன்பு வந்திருந்த பெலிக்ஸ் கேரி என்பாரின் வீடு இருந்தது. அங்கே வாழ்வு தொடங்கிற்று.

பர்மிய மொழி கற்க அகராதியும் இல்லை; முறையான இலக்கணமும் இல்லை. நம் முன்னோர் போலவே அம்மக்களும் பனையோலையில் எழுதினர்; சொற்களுக்கு இடையே இடம் விடாமல் தொடர்ந்து எழுதுவது அவர்கள் வழக்கம். கற்பிக்க வந்த ஆசிரியர் முதலில் ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லத் தயங்கினார். கணவர் வற்புறுத்திய பின்னரே ஆனையும் மாணவராக ஏற்றார். கணவர் நாள் முழுதும் ஓலைகளோடு இருந்தார். மனைவியோ வேலையாட்களோடு பேசி, கடைத்தெருவில் பொருள் வாங்கி, அண்டை வீட்டாரோடு பழகி, வீட்டைக் கொண்டு செலுத்த வேண்டியிருந்தது. அதனால் பேச்சு மொழி கணவரைக் காட்டிலும் மனைவிக்கே முதலில் கைவந்தது. ஊர் மாறி வந்த குடும்பங்களில் இஃது இன்றும் காணும் உண்மையாகும். இத்தீவுகளில் இந்தியையும் வங்காளத்தையும் நம் தாய்மார் கற்றது பள்ளியிலன்று, சந்தையிலும் குழாயடியிலுமே.

1815 ஜனவரியில் நோய்க்கு மருத்துவம் தேடி ஆன் தனியே சென்னை சென்றார். பர்மியப் பெண் நாட்டை விட்டு வெளியேறலாகாது என்ற விதி இருந்தும், துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துச் செல்ல ஆளுநர் சிறப்பு இசைவு அளித்தார். ஏப்ரலில் நலத்தோடு மீண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ரோஜர் என்னும் ஆண் மகவு பிறந்தது. அயல் முகமே இல்லாத ஊரில் அக்குழந்தையே அவர்களுக்கு உற்றார் உறவினர் அனைத்துமாயிற்று. எட்டுத் திங்கள் நிரம்புமுன், 1816 மே 4ஆம் நாள், காய்ச்சலால் அக்குழந்தை மறைந்தது. வீட்டுத் தோட்டத்தில் புதைத்தனர். அண்டை அயலார் பலர் உடன் வந்து துக்கம் காத்தனர்.

கப்பலை விட்டு இறங்கிய நாள்

1817 டிசம்பரில் அதோனிராம் சிட்டகாங்குக்குக் கப்பலேறினார். காற்று மாறிக் கப்பல் சோழமண்டலக் கரைப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டது. மசூலிப்பட்டினத்தில் கரையேறிப் பல்லக்கில் சென்னை வந்து, மறு கப்பலுக்குக் காத்திருந்தார். இரங்கூனில் இருந்த ஆனுக்கோ கணவர் உயிரோடு உள்ளாரா என்பதே தெரியவில்லை. ஊரில் வாந்திபேதி பரவிற்று. ஆங்கிலேயரோடு போர் வரும் என்ற வதந்தியும் கிளம்பிற்று. கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறையை விட்டு அகன்றன.

உடன் பணியாற்றிய அச்சுத் தொழிலர் குடும்பத்தோடு வங்காளம் செல்ல முடிவு செய்து, ஆனையும் வற்புறுத்தினார். 1818 ஜூலைத் தொடக்கத்தில் ஆன் மனமின்றிக் கப்பலேறினார். ஆற்று முகத்தில் கப்பல் பழுது காரணமாகத் தங்கிற்று. அத்தங்கலில் ஆன் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொண்டார். கணவர் வந்து பார்க்கும்போது வீடு பூட்டிக் கிடத்தல் கூடாது என்று துணிந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு படகில் இறங்கி, எல்லாரும் விட்டோடும் ஊருக்குத் தனியே திரும்பினார். விளக்கேற்றி, ஆசிரியரை வரவழைத்து, விட்ட பாடத்தைத் தொடர்ந்தார். சில வாரங்களில், ஆகஸ்டுத் தொடக்கத்தில், அதோனிராம் வந்து சேர்ந்தார்.

புதிய நாட்டில் வாழ்வு தொடங்குவது கரையில் இறங்கிய நாளில் அன்று. போகலாம் என்ற கதவு திறந்திருந்தும் போகாமல் நின்ற நாளில்தான் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. ஆனுக்கு அந்நாள் 1818இல் வந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் சாலையோரம் ஒரு சாவடி கட்டி, வருவோர் போவோரோடு சமயம் பேசத் தொடங்கினர். 1819 ஜூன் 27ஆம் நாள் மவுங் நாவ் என்பார் முதற் பர்மியக் கிறித்தவரானார். வந்து ஆறாண்டுகள் கழித்தே இது நிகழ்ந்தது. ஆன் பெண்களைக் கூட்டிக் கற்பித்தார். பழைய ஏற்பாட்டின் சில பகுதிகளைப் பர்மிய மொழியில் பெயர்த்தார். இரங்கூனில் வாழ்ந்த சயாமியரிடம் அவர்கள் மொழியையும் கற்று, மத்தேயு நற்செய்தியைச் சயாமிய மொழியில் பெயர்த்தார். ஈரல் நோயால் 1821இல் தாய்நாடு சென்றபோதும் ஓய்ந்திருக்கவில்லை; பர்மியப் பணியின் வரலாற்றை நூலாக எழுதி 1823இல் வெளியிட்டார். பெற்றோரிடமே தங்கிவிட அவருக்குத் தக்க காரணம் இருந்தது. தங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இரங்கூன் வந்து, உடனே கணவரோடு தலைநகராகிய ஆவாவுக்குப் புறப்பட்டார்.

ஆவா நகரச் சிறை

அதன்பின் நேர்ந்த துன்பத்திலும் அந்தமானின் பெயர் வருகின்றது. 1824இல் முதலாம் ஆங்கிலோ பர்மியப் போர் மூண்டது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பற் படைகள் வடக்கு அந்தமானின் கார்ன்வாலிசுத் துறையில் ஒன்றுகூடி, அங்கிருந்து சென்று மே திங்களில் இரங்கூனைக் கைப்பற்றின. அப்படையில் நம் சென்னை மாகாணச் சிப்பாய்கள் பலர் இருந்தனர்.

ஆவாவில் இருந்த வெள்ளையர் அனைவரும் ஒற்றர் எனக் கருதப்பட்டனர். ஜூன் 8ஆம் நாள் அதோனிராமைத் தரையில் தள்ளிக் கயிற்றால் பிணித்து இழுத்துச் சென்றனர். காலில் மூன்று இணை விலங்குகள். இரவில் கால்களை மூங்கிலில் மாட்டி உயர்த்திவிடுவர். காற்றும் ஒளியும் இல்லாத கொட்டடி. கைதிகளுக்கு அரசு உணவிடுவதில்லை. வீட்டார் கொண்டுவந்தால் உண்டு. ஆன் நாள்தோறும் உணவு சுமந்து நடந்தார். பர்மியப் பெண்டிரின் உடை அணிந்து, அதிகாரிகளின் வாயிலில் காத்து நின்று, கெஞ்சியும் கையுறை தந்தும் ஒவ்வொரு சலுகையாகப் பெற்றார். நகர வாயிற் காவலராகிய முதிய ஆளுநர் அவர்பால் இரக்கம் கொண்டார். அக்கைதிகளைக் கொல்லுமாறு மறைவில் மும்முறை ஆணை வந்தும் அவர் நிறைவேற்றவில்லை.

பத்தாண்டு உழைப்பாகிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படி அப்போது வீட்டில் இருந்தது. ஆன் முதலில் அதனை மண்ணிற் புதைத்தார். ஈரம் அழித்துவிடும் என்று அஞ்சி, பின்னர் எவரும் விரும்பாத கரடுமுரடான தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார். கணவர் அதில் தலைவைத்து உறங்கினார். பின்னொரு நாள் சிறையில் எறியப்பட்ட அத்தலையணையின் பஞ்சுப் பொதியை, மவுங் இங் என்னும் மாணவர் நினைவுப் பொருளாக எடுத்து வைத்தார். பல திங்கள் கழித்து அதனுள்ளே ஏடுகள் பழுதின்றி இருந்தன.

1825 ஜனவரி 26ஆம் நாள் மரியா என்னும் பெண் குழந்தை பிறந்தது. அவ்வாண்டு மே திங்களில் கைதிகளை ஔங்பென்லா என்னும் சிற்றூருக்கு வெயிலில் நடத்திச் சென்றனர். ஆன் கைக்குழந்தையோடும் தாம் வளர்த்த இரு பர்மியச் சிறுமியரோடும் வங்காளி வேலைக்காரரோடும் படகிலும் மாட்டு வண்டியிலும் பின்தொடர்ந்தார். தானியம் கொட்டி வைத்த அறையே வீடாயிற்று. சிறுமிக்கு அம்மை கண்டபோது, காவலர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆன் அம்மைப்பால் குத்தினார். பின்னர்த் தாமே கொடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். தாய்க்குப் பால் வற்றிற்று. சிறைக் காவலருக்குக் கையுறை தந்து வெளியே வந்த அதோனிராம், விலங்கிட்ட காலோடு வீடு வீடாகச் சென்று, பாலூட்டும் தாய்மாரிடம் தம் குழந்தைக்கும் சிறிது பால் வேண்டினார். பகை நாட்டவர் குழந்தை என்று பாராமல் அத்தாய்மார் பால் கொடுத்தனர். அவர்கள் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.

போரில் தோற்ற பர்மியர்க்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அதனால் அதோனிராம் விடுதலை பெற்றார். 1826 பிப்ரவரி 24ஆம் நாள் யாண்டபோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆங்கிலத் தளபதி அளித்த விருந்தில் ஆன் சிறப்பு விருந்தினர். முன்பு அவரை இரக்கமின்றி விரட்டிய ஒரு பர்மிய அதிகாரியும் அங்கு வந்திருந்தார். அம்மையாரைக் கண்டதும் அவர் உடல் நடுங்கிற்று. ஆன் அவரிடம் பர்மிய மொழியில் மென்மையாகப் பேசி, அஞ்ச வேண்டியதில்லை என்று தேற்றினார்.

இறுதிக் காலம்

போருக்குப்பின் ஆங்கிலேயர் வசமான கரையில் ஆம்ஹர்ஸ்டு என்னும் புதிய ஊர் எழுந்தது. இன்று அதனைச் சைக்கமி என்பர். 1826 ஜூலையில் குடும்பம் அங்குக் குடியேறிற்று. ஆங்கிலத் தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக அதோனிராம் உடனே ஆவா செல்ல நேர்ந்தது. ஆன் மூங்கிலால் ஒரு வீடும் பள்ளிக் கூடங்களும் எழுப்பிக் கற்பிக்கத் தொடங்கினார். சிறைக் காலத்தில் உருக்குலைந்த உடல் மற்றொரு காய்ச்சலைத் தாங்கவில்லை. அக்டோபர் 24ஆம் நாள், கணவர் அருகில் இல்லாத நிலையில், 36ஆம் வயதில் உயிர் நீத்தார். ஒரு திங்கள் கழித்து, ஆவாவில் இருந்த அதோனிராமுக்குக் கரு முத்திரையிட்ட மடல் ஒன்று வந்தபோதே செய்தி தெரிந்தது. ஆறு திங்களில், 1827 ஏப்ரல் 24ஆம் நாள், மரியாவும் தாயின் அருகில் துயின்றாள்.

அதோனிராம் நெடுநாள் துயரில் ஆழ்ந்தார்; காட்டில் தனிமையை நாடினார். பின்னர்த் தேறி எழுந்து, 1834இல் விவிலிய மொழிபெயர்ப்பை நிறைவேற்றினார். அப்பெயர்ப்பு இன்றும் பர்மியக் கிறித்தவரிடையே வழக்கில் உள்ளது. 1849இல் அவருடைய ஆங்கில பர்மிய அகராதி வெளிவந்தது. மீண்டும் மணம் செய்து, அம்மனைவியையும் இழந்து, மூன்றாவதாக எமிலி என்பாரை மணந்தார்.

1850 ஏப்ரலில் நோயுற்று, கடற்காற்று நலம் தரும் என மௌல்மீனிலிருந்து கப்பலேறினார். ஏப்ரல் 12ஆம் நாள் கப்பலிலேயே உயிர் பிரிந்தது. அன்று இரவே உடலைக் கடலில் இறக்கினர். கப்பலில் குறித்த இடம் வடக்கு 13 பாகை, கிழக்கு 93 பாகை. நிலப்படத்தை விரித்துப் பார்க்கும் அன்பர்கள் வியப்புறுவர். அது நம் வடக்கு அந்தமானை ஒட்டிய கடலாகும். மௌல்மீனில் இருந்த எமிலிக்குச் செய்தி எட்டப் பல திங்கள் ஆயின. முதற் குழந்தையை அடக்கம் செய்த அதே வங்கக் கடலிலேயே, 37 ஆண்டுகள் கழித்துத் தந்தையும் அடங்கினார்.

அவர்கள் தொடங்கிய பணி பர்மாவின் கரேன் மக்களிடையே பெரிதும் பரவிற்று. 1925ஆம் ஆண்டில் கரேன் குடும்பங்கள் சில காட்டு வேலைக்காக அந்தமான் வந்து, மாயாபந்தர் அருகே வேபி என்னும் ஊரை அமைத்தன. அவர்கள் பாப்டிஸ்டுக் கிறித்தவர்கள். அவர்களும் நம்மைப்போல் கடல் கடந்து வந்து, காட்டைத் திருத்தி, வீடு கட்டி, இம்மண்ணின் மக்களானவர்கள். ஜட்சன் துயிலும் கடலுக்கு அருகிலேயே அவர்கள் வாழ்வது காலம் செய்த பொருத்தம்.

ஆன் அம்மையாரின் சமயம் நம்முள் சிலருடையது, பலருடையது அன்று. ஆனால் அவர் பட்டது நம் வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரிந்த பாடு. தமிழகத்திலிருந்து நேரே வந்தோரும், பர்மாவிலிருந்து திரும்பியோரும், இலங்கையிலிருந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தோரும் இங்குண்டு. கப்பலில் பெற்ற பிள்ளை, காய்ச்சலில் இழந்த பிள்ளை, தெரியாத மொழியில் கேட்டு வாங்கிய உப்பு, கணவர் காட்டு வேலைக்குச் சென்றபின் தனியே காத்த இரவு ஆகியன நம் குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. ஆனுக்கு எழுதத் தெரிந்தது. அவர் மடல்கள் நிலைத்தன. ஆகவே இருநூறு ஆண்டுகள் கழித்தும் நாம் அறிகின்றோம். பால் கொடுத்த ஔங்பென்லாத் தாய்மாரை எழுதுவார் இல்லை. அவர்கள் பெயர் மறைந்தது.

நம் பாட்டிமாருள் எஞ்சியிருப்போர் சிலரே. இவ்விழா முடிந்து வீடு திரும்பும் இளைஞர்கள், ஒரு மாலைப் பொழுதில் அவர்கள் அருகில் அமர்ந்து, எந்த ஆண்டில் எந்தக் கப்பலில் வந்தார்கள், கையில் என்ன கொண்டுவந்தார்கள், முதல் மழையை எங்கே கழித்தார்கள், திரும்பிச் செல்ல வழியிருந்தும் ஏன் செல்லவில்லை என்று கேட்டு, அவர்கள் பெயரோடு எழுதி வைப்பார்களாக. அவ்வேடுகள் அடுத்த ஆண்டு மலரை அணி செய்யட்டும்.